கூடையில் குடியேறுமா துடுவெ?

தேனீப் பக்கம்: வாசகர் கேள்விகள்

வைக்கோலைப் புரியாகச் சுருட்டி, கவிழ்த்த கூடைபோலத் தைத்து, சாணம் பூசி, அதில் தேனீயைக் குடிவைக்கும் பழைய ஐரோப்பிய முறையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெங்களூருக் கடிதங்கள். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கி, பதில்களைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறோம். இந்தப் பக்கத்தில் தேனீ என்று மட்டும் வந்தால் அது நம் இந்தியத் தேனீ. அடுக்கடுக்காக அடை கட்டுவதால் அடுக்குத் தேனீ, பொந்தில் இருப்பதால் பொந்துத் தேனீ, கன்னடக்காரர் வாயில் துடுவெ.

*ஜெர்மனியில் முட்டை வடிவ வைக்கோல் கூட்டைத் தொங்கவிட்டு வளர்ப்பதை வீடியோவில் பார்த்தேன். எங்கள் மொட்டை மாடியில் அதையே செய்யலாமா? பெட்டியைவிட நல்லதா?*
— வாசகர், ராமமூர்த்தி நகர்

நீங்கள் பார்த்தது சூரியக் கூடு. குந்தர் மான்கே என்ற ஜெர்மன் சிற்பி 1980களில் வடிவமைத்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கூடைகள். மேல்கூடைக்குள் வில்லாக வளைந்த மரச்சட்டங்கள், அடியில் வாசல். அழகான பொருள்தான், ஆனால் அளவு ஐரோப்பியத் தேனீக்கானது. துடுவெ உருவத்திலும் கூட்டத்திலும் சிறியது. அவ்வளவு பெரிய கூட்டைக் கொடுத்தால் பாதி இடம் காலியாகவே கிடக்கும். காலி இடத்தைத் தேனீ காவல் காக்காது, அங்கே அடையைத் தின்னும் மெழுகு அந்துப்பூச்சி குடியேறும். நமக்கு 12 முதல் 15 லிட்டர் கொள்ளும் கூடை போதும்.

அளவைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. வைக்கோல் கூடை பின்னுகிற பலர் சறுக்குவது இதில்தான். ஐரோப்பியத் தேனீ மரங்களிலிருந்து பிசின் சேகரித்து வந்து கூட்டின் உட்சுவர் முழுக்க வார்னிஷ் போலப் பூசிக்கொள்ளும். துருத்தி நிற்கும் வைக்கோல் நுனியெல்லாம் அதில் அடங்கிவிடும். துடுவெ பிசின் சேர்ப்பதில்லை. அதனால் வெறும் வைக்கோல் வெறும் வைக்கோலாகவே இருக்கும். அதன் இடுக்குகளில் அந்து முட்டையிடும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். அங்கே தேனீ செய்யும் வேலையை இங்கே நீங்கள் செய்ய வேண்டும், அதாவது உள்பக்கமும் சாணத்தால் மெழுக வேண்டும். வெளியே மட்டும் பூசினால் போதும் என்று சொல்லும் செய்முறைகள் வேறொரு தேனீக்கு எழுதப்பட்டவை.

நல்லதா என்றால், குடியிருக்க நல்லது. புழு வளரும் இடத்தைத் தேனீ 34, 35 டிகிரியில் வைத்துக்கொள்ளப் பாடுபடும். தடித்த வைக்கோல் சுவர் அந்தப் பாட்டைக் குறைக்கும், டிசம்பர் விடியற்காலையிலும் சரி, ஏப்ரல் மத்தியானத்திலும் சரி. ஆனால் அடையை வெளியே எடுத்துப் பார்க்கும் வசதியில் பெட்டிக்கு ஈடில்லை. 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத், சட்டங்களைச் சுற்றித் தேனீ அடைக்காமல் விடும் இடைவெளியைக் கண்டுகொண்டதும் வைக்கோல் கூடைகள் வழக்கொழியத் தொடங்கியது அதனால்தான். நம் தேனீக்கு ஏற்ற சிறிய நியூட்டன் பெட்டியும் வெளிநாட்டிலிருந்து வந்ததல்ல, திருச்சியில் பாதிரியார் நியூட்டன் உருவாக்கியது. தேன்தான் குறி என்றால் அதையே வாங்குங்கள். மாடித் தோட்டத்துக்கு ஒரு கூட்டம் தேனீ வேண்டும், தேன் கிடைத்தால் கிடைக்கட்டும் என்பவருக்கு மட்டும் கூடை.

*கூடை பின்னும் முறையை அளவோடு சொல்லுங்கள். ராகித் தாள் எங்களுக்குச் சும்மா கிடைக்கிறது.*
— வாசகி, ஆனேக்கல்

ராகித் தாளை மாட்டுக்கே போடுங்கள். அது தட்டையான தாள், இறுக்கிச் சுற்றினால் மடிந்து முறியும். உருண்டையான, நீண்ட, உடையாத தாள் வேண்டும். கோதுமைத்தாள் நல்லது, ஆனால் அதற்கு வட கர்நாடகத்தைத்தான் கேட்க வேண்டும். கையால் அடித்த நெல் வைக்கோல் கிடைத்தால் தாராளமாகப் போதும். இயந்திரம் அறுத்த வைக்கோல் நசுங்கித் துண்டாகிவிடும், உதவாது. கூரை வேயும் விழல் புல் கிடைக்கும் ஊர்க்காரர் அதையே எடுத்துக்கொள்ளலாம். முடிந்த கூடைக்குள் போவது ஒரு கிலோ அளவுதான் என்றாலும் மூன்று கிலோ வாங்குங்கள். தோகையை உரித்து, கதிரை நறுக்கி, குட்டைத் தாளைக் கழித்தால் மிஞ்சுவது அவ்வளவே.

கட்டுவதற்கு நாற்காலி பின்னும் பிரம்புப் பட்டை, 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலம், 60 மீட்டர். ஊரிலிருந்து பனைநார் வருமென்றால் அது இன்னும் மேல். நைலான் வேண்டாம். பருத்தி நூலைத் தேனீ கடித்துக் கடித்து இழுத்தே தீர்த்துவிடும். கருவிகள்: ஒரு கோணி ஊசி, ஒரு தமரூசி, ஒரு அங்குல பிவிசி குழாயில் அறுத்த நாலு சென்டிமீட்டர் துண்டு, 2-4 அளவில் ஒரு பழைய உலோக வளையல்.

அந்தக் குழாய்த் துண்டுக்குள் தாளை நுழைத்து நுழைத்துத்தான் புரி வளரும். குழாய் நிறைய இருந்தால் புரியின் தடிமன் தானாக ஒரே சீராக வரும். ஐரோப்பாவில் இதற்கு மாட்டுக்கொம்பு வளையம் வைத்திருந்தார்கள். குழாய்க்குள் புரி லூசாக ஓட ஆரம்பித்ததும் மூன்று நான்கு தாளை நடுவில் செருகுங்கள், அடிப்பக்கம் முதலில் போகும்படி. மொத்தமாக ஒரே இடத்தில் செருகினால் அங்கே பாம்பு எலியை விழுங்கியதுபோல் புடைக்கும்.

தாளை ஊற வைக்காதீர்கள். முந்தின இரவு ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் போதும், காலையில் முறியாமல் வளையும். தொட்டியில் முக்கி எடுத்த தாள் காய்ந்ததும் சுருங்கி, இறுக்கிய கட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிடும். முதல் கூடைகள் வீணாவது பெரும்பாலும் இந்த ஈரத்தால்தான். பிரம்பை மட்டும் அரைமணி நேரம் நீரில் போடுங்கள்.

வளையலைச் சுற்றி முதல் புரியை வைத்துத் தையுங்கள். முதல் இரண்டு சுற்றுக்குப் புரி பாதித் தடிமன் இருந்தால்தான் வளையும். வளையல் விடும் ஓட்டைதான் உச்சித் துளை. தீனி வைக்கவும் பின்னால் தேன் எடுக்கவும் அது வேண்டும். அடுத்தடுத்த சுற்றுகளைப் பக்கவாட்டில் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு தையலும் முந்தின புரியின் மேல் பாகத்தைத் தமரூசியால் துளைத்து, அதன் வழியே நார் போய், புதுப் புரியைச் சுற்றி வர வேண்டும். தையலுக்குத் தையல் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். ஐந்து சுற்றில் ஒரு தட்டு அளவு வந்துவிடும். உள்விட்டம் 26 சென்டிமீட்டர் ஆனதும் புரியைப் பக்கத்தில் வைக்காமல் நேர் கீழே வைத்துத் தைத்து இறங்குங்கள். ஒன்பது, பத்துச் சுற்றில் சுவர் 24 சென்டிமீட்டர் உயரம் வரும், உள்ளே ஏறக்குறைய 13 லிட்டர் அளவு. உச்சி கூம்பாக இல்லாமல் தட்டையாகவே இருக்கட்டும். மேலே இன்னொரு சிறு கூடை உட்கார வேண்டியிருக்கிறது.

வாசலை வைக்கோலில் வெட்டாதீர்கள். 35 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்றை அடித்தளமாக வைத்து, அதன் விளிம்பிலிருந்து கூடைக்கு உள்பக்கம் வரை 8 மில்லிமீட்டர் ஆழம், 8 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம் செதுக்கினால் அதுதான் வாசல். துடுவெ தாராளமாகப் போய்வரும், கதண்டு என்ற பெரிய குளவி நுழையாது. கடைசியாக, சுவரின் பாதி உயரத்தில் விரல் தடிமனில் பாதி உள்ள இரண்டு மூங்கில் குச்சிகளைக் குறுக்காகச் செருகுங்கள். ஏப்ரலில் தேன் நிறைந்த அடை மெழுகு இளகி அறுந்து விழாமல் தாங்குவது அவைதான்.

*பின்னினேன், சாணம் பூசினேன், கூட்டத்தையும் பிடித்துவிட்டேன். நாலாம் நாள் காலையில் ஒரு தேனீகூட இல்லை. சாபமா?*
— வாசகர், அல்சூர்

சாபமில்லை, ஈரம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: செவ்வாயன்று பூசி சனிக்கிழமை குடிவைத்திருக்கிறீர்கள். தொட்டால் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே புரி ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். மூடிய கூட்டுக்குள் புளித்த நெடியும் புழுக்கமும் சேர்ந்தால் துடுவெ பொறுக்காது. பிடிக்காத வீட்டைக் காலி செய்வதில் அதற்கு இணையே கிடையாது. ஐரோப்பியத் தேனீ சகித்துக்கொண்டு கிடக்கும் இடத்தில் இது மூட்டை கட்டிவிடும்.

பூச்சுக்கு ஒன்றரை லிட்டர் பசுஞ்சாணம், அரை லிட்டர் சலித்த செம்மண், கால் லிட்டர் விறகுச் சாம்பல். பிசைந்து ஒரு நாள் மூடி வையுங்கள். தோசை மாவைவிடக் கெட்டி, சப்பாத்தி மாவைவிட இளக்கம், அதுதான் பதம். மண் கூடினால் வெடிக்கும், மண்ணே இல்லாவிட்டால் மழைச் சாரலில் கரையும். வெளியே இரண்டு பூச்சு, ஒன்று காய்ந்தபின் அடுத்தது. உள்ளே ஒரே ஒரு மெல்லிய மெழுகல், புரியின் இடுக்கு அடைபடும் அளவுக்கு. சுண்ணாம்பு உள்ளே வேண்டாம். மாட்டுக்கு உண்ணி மருந்து அடித்திருக்கிறார்களா என்று சாணம் தருபவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அடித்திருந்தால் வேறு வீட்டுச் சாணம் எடுங்கள்.

காய்ந்ததா என்பதற்குக் கையைவிடத் தராசு மேல். தினம் ஒரே நேரத்தில் கூடையைச் சமையலறைத் தராசில் வையுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து எடை இறங்காமல் நின்றால் காய்ந்துவிட்டது. வெயில் காலத்தில் ஒரு வாரம், மழைக்காலத்தில் மாதம்கூட ஆகும். ஆகவே மழையில் பின்னுங்கள், வெயிலில் பூசுங்கள். காய்ந்த பிறகு, துடுவெயின் பழைய அடை மெழுகை உருக்கி உள் உச்சியில் தேய்த்துவிடுங்கள். அந்த வாசனைக்கு நிற்கும்.

உங்கள் கூட்டம் போனதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நிறுத்தி வைக்க உள்ளே எதுவும் இல்லை. அதை அடுத்த பதிலில் பாருங்கள்.

*முருங்கை மரத்தில் தேனீ கொத்தாகத் தொங்குகிறது. கூடையில் எப்படி இறக்குவது? ராணியைக் கண்டுபிடிக்க வேண்டுமா?*
— வாசகி, ஸ்ரீராமபுரம்

ராணியைத் தேட வேண்டாம். குடி பிரிந்து வந்த கொத்து அது, வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வந்திருப்பதால் சாதுவாக இருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல், கூடையைக் கொத்துக்கு நேர் மேலே, விளிம்பு கொத்தின் உச்சியைத் தொடும்படி கவிழ்த்துப் பிடித்துக் கட்டுங்கள். தேனீ இருட்டை நோக்கி மேலே ஏறும் பழக்கம் உடையது. கீழிருந்து தேங்காய் நார்ப் புகையை ஓரிரு இழுப்பு காட்டினால் ஊர்வலம் தொடங்கிவிடும். ராணி ஏறிவிட்டால் அடையாளம் தெரியும்: கூடை விளிம்பில் சில தேனீக்கள் தலையைக் கீழாக வைத்து, பின்பக்கத்தைத் தூக்கிச் சிறகை விசிறிக்கொண்டு நிற்கும். மற்றவற்றைக் கூப்பிடுகின்றன. அதைப் பார்த்தபின் அவசரப்படாதீர்கள், இருட்டியதும் பலகையில் இறக்கிக் கொண்டுபோகலாம்.

அன்றிரவே உச்சித் துளையில் சர்க்கரைப் பாகு வையுங்கள். ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு லிட்டர் நீர், கொதிக்க வைத்து ஆறியது. ஒரு சிறு ஜாடியில் 200 மில்லி ஊற்றி, மூடியில் ஐந்தாறு ஊசித்துளை போட்டு, துளைமேல் கவிழ்த்து, பெரிய கொட்டாங்குச்சியால் மூடுங்கள். ஐந்து மாலைகள் கொடுத்தால் போதும். ஒரு சொட்டு வெளியே சிந்தினாலும் மறுநாள் எறும்பு சாரைதான்.

சுவரிலோ மீட்டர் பெட்டியிலோ இருந்து அறுத்து எடுத்த கூட்டமென்றால் கதை வேறு. அதற்குப் புழு அடை கட்டாயம். உள்ளங்கை அகலத்தில் இரண்டு துண்டுகளை, மேல் பக்கம் மேலாகவே இருக்கும்படி, குறுக்குக் குச்சியில் வாழை நாரால் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு துண்டுக்கும் மையத்துக்கு மையம் 3 சென்டிமீட்டர். புழுவை விட்டுவிட்டுத் தேனீ எளிதில் ஓடாது. இரண்டு மூன்று நாளில் அடையை மெழுகால் ஒட்டவைத்துவிட்டு, வாழை நாரைக் கடித்துத் துண்டு துண்டாக வாசலில் தள்ளும். அந்த நார்த்துணுக்கைப் பலகையில் பார்த்தால் குடி அமர்ந்துவிட்டது என்று அர்த்தம். தேன் அடையைக் கட்டாதீர்கள், ஒழுகும்.

ராணி மட்டும் வெளியேற முடியாதபடி வாசலில் ராணித் தடுப்பு வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான்கு நாள் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். இரண்டாவதாகப் பிரிந்து வந்த கூட்டத்தில் கன்னி ராணி இருக்கும். அது வெளியே பறந்து இணைசேராவிட்டால் கூட்டமே அழியும்.

*அடையை எடுக்க முடியாத கூட்டில் நோயை எப்படிப் பார்ப்பது?*
— வாசகர், விவேக்நகர்

கூடையைச் சாய்த்துத்தான். அடைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று முதலில் கவனித்து, கூடையின் வெளியே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடை நிற்கும் தளத்திலேயே சாய்க்க வேண்டும், அடை படுக்கும்படி பக்கவாட்டில் சாய்த்தால் புது அடை அப்படியே மடிந்து விழும். பிற்பகல் வெயிலில் மெழுகு இளகி இருக்கும், காலை ஒன்பதுக்குள் பாருங்கள். மாதம் ஒருமுறை போதும்.

பார்க்க வேண்டியது முக்கியமாக ஒன்றை: தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) என்ற நச்சுயிரி நோய். 1991, 92இல் தென்னிந்தியாவின் துடுவெக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை வாரிக்கொண்டு போனது அதுதான். கூட்டுப்புழு ஆகும் முன்பே புழு இறந்து, அறைக்குள் தலை தூக்கிய படகுபோல மல்லாந்து கிடக்கும். குச்சியால் தூக்கினால் நீர் நிறைந்த பைபோல முழுசாக வரும். மருந்து கிடையாது. அந்தக் கூடையிலிருந்து அடையோ தேனோ வேறு கூட்டுக்குப் போகக்கூடாது. கூட்டம் செத்தால் கூடையை எரித்துவிடுங்கள். மரப்பெட்டியைச் சுரண்டிக் கழுவலாம், வைக்கோலைக் கழுவ முடியாது. வைக்கோலில் இருக்கும் ஒரே நிம்மதி, எரித்தால் மனசு அதிகம் வலிக்காத விலை.

சந்தேகமென்றால் படம் எடுத்துக்கொண்டு ஜிகேவிகே வேளாண் பல்கலைக்கழகத்தின் தேனீப் பிரிவில் காட்டுங்கள்.

*எறும்பு. எறும்பு. எறும்பு.*
— வாசகி, மர்ஃபி டவுன்

புரிகிறது. நான்கு கால் ஸ்டாண்டு, ஒவ்வொரு காலும் ஒரு கிண்ணத்தில், கிண்ணத்தில் நீர், நீர்மேல் இரண்டு சொட்டு எண்ணெய். எண்ணெய் இருந்தால் கொசு முட்டை வைக்காது. இதை எல்லோரும் செய்கிறார்கள், பிறகு ஒரு செம்பருத்திக் கிளை கூடையைத் தொடும்படி வளர விடுகிறார்கள். எறும்பு அந்தப் பாலத்தில் வரும். காய்ந்த இலை ஒன்று கிண்ணத்தில் விழுந்தாலும் அதுவும் பாலம்தான். தொங்கவிட்ட கூடைக்குக் கம்பியில் ஒரு சாண் நீளம் விளக்கெண்ணெய் தோய்த்த துணி சுற்றுங்கள், வாரம் ஒருமுறை புதுப்பியுங்கள்.

மெழுகு அந்துக்கு மருந்தில்லை, துடைப்பம்தான். துடுவெ பழைய அடையைக் கடித்துக் கீழே கொட்டும் குணமுடையது. அந்தத் தூளில்தான் அந்துப் புழு வளரும். வாரம் ஒருமுறை அடிப்பலகையை உருவிச் சுரண்டி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். மாற்றுப் பலகை ஒன்று வைத்திருந்தால் வேலை இரண்டு நிமிடம். அடையில் வெள்ளை நூலாம்படை தெரிந்தால் அந்தப் பகுதியை அறுத்து எறிந்துவிடுங்கள், காப்பாற்ற நினைக்காதீர்கள்.

*ஜூன் முதல் அக்டோபர் வரை இங்கே மழைதானே. சாணக் கூடை தாங்குமா?*
— வாசகர், கே.ஆர்.புரம்

கூரை இல்லாமல் ஒரு மழையும் தாங்காது. கூடையின் எல்லாப் பக்கமும் ஒரு அடி நீண்டிருக்கும் தகரமோ ஓலையோ வேண்டும். தகரம் என்றால் அதற்கும் கூடைக்கும் நடுவே ஒரு சாண் காற்று. தென்மேற்குக் காற்று சாரலை மேற்கிலிருந்து அடிக்கும், வாசல் கிழக்கையோ தென்கிழக்கையோ பார்க்கட்டும். அடிப்பலகை முன்பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தால் நுழையும் நீர் தானாக வெளியேறும். மாடித் தளத்திலிருந்து மூன்றடி உயரம் வையுங்கள், கான்கிரீட்டின் சூடும் தெறிக்கும் நீரும் எட்டாது.

மழையைவிட மழைக்காலப் பசியே பல கூட்டங்களைத் துரத்துகிறது. பூ குறைந்து, பறக்க வெயிலும் இல்லாத வாரங்களில் கூடையைக் கையால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். போன வாரத்தைவிட வெறுமையாகத் தெரிந்தால் பாகு கொடுங்கள். இயற்கை முறையில் சர்க்கரை தரக்கூடாது என்று வாதிடுபவர்கள் உண்டு. நகரத்தில் பட்டினி போட்டுக் கொள்கையைக் காப்பாற்றுவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

*கூட்டைக் கெடுக்காமல் தேன் எடுக்க வழி உண்டா? எவ்வளவு கிடைக்கும்?*
— வாசகி, இந்திரா நகர்

பழைய ஐரோப்பாவில் கந்தகப் புகை போட்டுக் கூட்டத்தையே கொன்று தேன் எடுத்தார்கள். கூடையை வாய் மேலாகத் திருப்பி, மேலே காலிக் கூடை வைத்து, பக்கத்தில் தாளம் தட்டித் தேனீயை மேலேற்றும் முறையும் இருந்தது. துடுவெயிடம் தாளம் தட்டினால் அது ஊரை விட்டே போய்விடும்.

நமக்கு ஏற்றது மூடிக்கூடை. இரண்டு மூன்று லிட்டர் கொள்ளும் சிறு வைக்கோல் கூடை, அடி திறந்தது. புங்கன் பூக்கத் தொடங்கும் மார்ச்சில் உச்சித் துளையைத் திறந்து அதன்மேல் கவிழ்த்து, சுற்றிலும் சாணத்தால் அடையுங்கள். அதன் உள் உச்சியில் ஒரு கோடு மெழுகு தேய்த்தால் தேனீ சீக்கிரம் மேலேறும். கீழே புழு, மேலே தேன் என்பது அதன் இயல்பு. கீழ்க்கூடை நிறைந்த கூட்டம் மட்டுமே மேலே ஏறும். பாதி நிறைந்த கூட்டத்துக்கு மூடிக்கூடை வைத்தால் வீட்டுச் சூடு வீணாவதுதான் மிச்சம்.

அடையில் முக்கால் பங்குக்கு மேல் மூடி போட்டபின், அந்தி நேரத்தில் மெல்லிய கம்பியால் அடியை அறுத்து மூடிக்கூடையைத் தூக்கி, பத்தடி தள்ளி நிழலில் சாய்த்து வையுங்கள். உள்ளே இருக்கும் தேனீ கொஞ்சம் கொஞ்சமாக வீடு திரும்பும். துளையை உடனே மூடிவிடுங்கள். அடையை நொறுக்கி வேட்டித் துணியில் தொங்கவிட்டால் தேன் தானாக இறங்கும், பிழியாதீர்கள். மூடாத அறைத் தேனில் நீர் அதிகம். நம் உணவுச் சட்டம் தேனில் 20 சதவீத ஈரத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை, துடுவெத் தேன் அந்த எல்லையை எளிதில் தாண்டும். தாண்டியது புளிக்கும், ஃப்ரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எந்தத் தேனும் நாக்கில்கூடத் தடவக்கூடாது.

அளவு: நல்ல ஆண்டில் ஒன்று, இரண்டு கிலோ. கீழ்க்கூடையில் கை வைக்காதீர்கள், மழைக்காலச் சேமிப்பு அது.

*பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். தேனீ அவர் தொட்டியில் தண்ணீர் குடிக்கிறதாம்.*
— வாசகர், லிங்கராஜபுரம்

குடிக்கத்தான் செய்யும். ஓரிடத்தில் பழகிவிட்டால் மாற்றுவது கடினம், குடிவைக்கும் முதல் நாளே உங்கள் மாடியில் கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் இருக்க வேண்டும், ஒரு நாளும் வற்றக்கூடாது. வாசலுக்கு நாலடி முன்னால் ஆறடி உயரத்தில் பச்சை வலையோ பாகல் பந்தலோ இருந்தால் தேனீ மேலெழும்பிப் பறக்கும், யார் முகத்திலும் மோதாது. கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். உடம்பெல்லாம் தடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108. வீட்டில் ஒருவருக்கு முன்பே அப்படி வந்திருக்கிறதென்றால் தேனீயே வேண்டாம், கொட்டாத கொசுத் தேனீயை மூங்கில் குழாயில் வளருங்கள்.

*பதினோராவது மாடி பால்கனியில் முறம் அளவுக்குத் தேனடை. அந்தத் தேனீயைக் கூடைக்கு மாற்றலாமா?*
— வாசகர், ஒயிட்ஃபீல்டு

கூடாது, கிட்டேயும் போகாதீர்கள். அது பெருந்தேனீ, இங்கே ஹெஜ்ஜேனு. திறந்த வெளியில் ஒற்றை அடை மட்டுமே கட்டும், எந்தக் கூட்டுக்குள்ளும் வராது. சீண்டினால் கூட்டமாகத் துரத்தும். காலம் வந்தால் தானாகவே கிளம்பிவிடும். அதுவரை இரவில் பால்கனி விளக்கைப் போடாதீர்கள், கதவுக்குத் திரை போடுங்கள்.

*பின்னப் பொறுமை இல்லை. கூடை விலைக்குக் கிடைக்குமா?*
— வாசகி, சிவாஜிநகர்

புரிக்கூடை இங்கே விற்பதில்லை. ஆனால் உங்கள் பக்கத்திலேயே பேம்பூ பஜார் இருக்கிறதே. 26 சென்டிமீட்டர் வாய், அதே அளவு உயரம், நெருக்கமாகப் பின்னிய மூங்கில் கூடை ஒன்று வாங்குங்கள். கவிழ்த்து, அடியின் நடுவில் வளையல் அளவுக்குத் துளை அறுத்து, உள்ளே ஒன்று வெளியே மூன்று என்று பூச்சு போடுங்கள். மூங்கில் சுவர் மெல்லியது, ஆகவே வெளிப்பூச்சுக் கலவையில் நறுக்கிய வைக்கோல் இரண்டு கைப்பிடி சேருங்கள். வார்னிஷ் அடித்த கூடையா என்று கேட்டு வாங்குங்கள், அடித்ததென்றால் வேண்டாம்.